எட்டு போட்டால் போதுமா?

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)

என்னடா இது, ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் எல்லோரும் நட்பு, காதல், அம்மா என்று எழுதுவார்கள், இவன் பைக் ஓட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பப் போவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே! நம் கல்லூரி ஸ்டாண்டில் காலை ஒன்பதரைக்கு நிற்கும் வண்டிகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 214. அவற்றில் வந்தவர்களில் எத்தனை பேருக்கு வண்டி ஓட்ட யாராவது முறையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அப்பா பின்னால் உட்கார்ந்து "கிளட்ச்சை மெதுவா விடுறா... மெதுவா விடுறா" என்று கத்தியிருப்பார். மாமன் ஊர்க் கோயில் மைதானத்தில் இரண்டு ரவுண்டு கூட ஓடி வந்திருப்பார். அவ்வளவுதான் நம் குருகுலம்.

நானும் அப்படித்தான். பதினெட்டு முடிந்த மறுவாரம் மைதானத்தில் எட்டு போட்டேன். கால் ஊன்றவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். லைசென்ஸ் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போய் எட்டு போட்டவனுக்கு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எப்படி நிறுத்துவது என்று தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டது பொள்ளாச்சி ரோடு.

முதலாம் ஆண்டு ஜனவரி மாதம். கிணத்துக்கடவு பக்கத்து ஊரிலிருந்து தினமும் கோவைக்கு வருகிறவன் நான். அன்று தங்கச்சி பின்னால் இருந்தாள். அவள் அப்போது பிளஸ் டூ, ஸ்பெஷல் கிளாஸ் என்று சீக்கிரம் கிளம்பியிருந்தோம். எனக்கு ஹெல்மெட் இருந்தது, அவளுக்கு இல்லை (இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது). முன்னால் போன பால் வண்டி ஒன்று இண்டிகேட்டரும் போடாமல், கையும் காட்டாமல், மீடியன் இடைவெளியில் சட்டென்று வலது பக்கம் திரும்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பயந்தவன் எவனும் செய்வதைத்தான் செய்தேன். வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி வாலை ஆட்டியது. அடுத்து நான் பார்த்தது தார் ரோடு.

எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்தார்கள். எழுதுகிற கை வலது என்பதால் தேர்வு எழுதிவிட்டாள். ஆனால் பிராக்டிகலுக்கு இரண்டு கையும் வேண்டுமே! ஒரு கையில் கட்டோடு பியூரெட்டைத் திறந்து மூடி அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டில் அப்பா கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள், "ரோட்டுல மணல் கெடந்துச்சுங்கப்பா. அண்ணன் மேல தப்பில்லை."

அங்கே மணல் கிடந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடம் யார் கேட்டாலும் மணல், மணல் என்றே சொன்னேன். கடைசியில் எனக்கே அது உண்மையாகிவிட்டது.

என் மாமா ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அந்தக் காலத்து ரேஸ் பைத்தியம். கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடமே இருக்கிற ஊர் இது. மாமா அங்கே போட்டி நடந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். அவர்தான் ஒரு நாள் சொன்னார், "மாப்ள, அட்வான்ஸ்டு ரைடிங்னு ஒரு நாள் கிளாஸ் எடுக்கறாங்க. போய்ட்டு வா. உனக்கு வண்டி ஓட்டத் தெரியலை." எனக்குச் சுருக்கென்றது. கட்டணம் 7,500 ரூபாய். விடுமுறையில் அவர் கடையிலேயே வேலை செய்து, புது போன் வாங்க வைத்திருந்த காசு அது.

ஹாஸ்டல் நண்பர்கள் சிரித்தார்கள். "பைக் ஓட்டக் கத்துக்க காசா? அடுத்து நடக்கறதுக்கு டியூஷன் வச்சுக்கடா!" அம்மா வேறு மாதிரி சொன்னார்: "ஏங்கண்ணு, அந்தக் காசுக்கு வண்டியை வித்துப்போட்டு பஸ் பாஸ் எடுத்துக்கலாமே." யோசித்துப் பார்த்தால் மூன்று பேரில் அம்மா சொன்னதுதான் நல்ல பாயிண்ட். ஆனால் எங்கள் ஊருக்குக் காலையில் வருகிற பஸ்ஸைப் பற்றி எழுதினால் இந்த மலர் போதாது.

போனேன். ஊருக்கு வெளியே பெரிய சிமெண்டுத் தளம். பன்னிரண்டு பேர். சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஓர் அக்கா. அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது எங்களில் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வைக்கான தண்டனை அரை மணி நேரத்தில் கிடைத்தது.

முதல் பயிற்சியே பிரேக். அறுபதில் வந்து, கூம்பைத் தாண்டியதும் பிடித்து நிறுத்த வேண்டும். அவர்கள் கொடுத்தது ஏபிஎஸ் உள்ள வண்டி. முன் பிரேக்கைத்தான் முக்கியமாகப் பிடிக்க வேண்டுமாம்! நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டியது என்ன? 'முன் பிரேக்கைத் தொட்டா குட்டிக்கரணம்.' என் விரல் லீவரைத் தொட மறுத்தது. காலே போனது. முதல் முறை நான் நின்ற இடத்தை அக்கா நடந்து வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க அடுத்த ஊர்லயே நின்னுருக்கலாம்" என்றார்.

பிறகு காட்டிக் கொடுத்தார். லீவரை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெல்ல, பிறகு இறுக்கி. மெல்லப் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாயும், போர்க் அமுங்கும், டயர் தரையில் நன்றாக அழுந்தும். அதற்குப் பிறகு முன்னைவிட அதிகமாக இறுக்கினாலும் அது தாங்கும். சாயாத டயரின் மேல் திடீரென்று பிடிப்பதுதான் குட்டிக்கரணக் கதைக்குக் காரணம்.

நண்பர்களே, இதை நாம் படித்திருக்கிறோம்! இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் அரியர் வைத்த நானே சொல்கிறேன், அது பேப்பரில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. பாரமையம் தரையிலிருந்து 60 செ.மீ., இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 125 செ.மீ., நிற்கும்போது பாரம் பாதிப்பாதி, உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுமையாக பிரேக் பிடிக்கும்போது மொத்தப் பாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின் சக்கரம் ஏறக்குறைய சும்மா உருளுகிறது. அதைப் போய் மிதித்தால் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கிற தூரம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது. நோட்டில் போட்டுப் பாருங்கள், மொமெண்ட் எடுத்தால் ஐந்து வரிக் கணக்கு.

இன்னொரு கணக்கு அந்த அக்கா கரும்பலகையில் போட்டது. என்னைத் தூங்க விடாத கணக்கு. இரண்டு பேர் அருகருகே வருகிறார்கள். ஒருவன் 60, மற்றவன் 80. இருவருக்கும் ஒரே பிரேக், ஒரே ரோடு. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக இருவருக்கும் ஒரு விநாடி. அறுபதில் வந்தவன் அந்த ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர், பிரேக்கில் 20 மீட்டர், ஆக 37 மீட்டரில் நிற்கிறான். அவன் நின்ற அதே இடத்தில் எண்பதில் வந்தவன் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருப்பான்? எங்களில் ஒருவர் 20 என்றார். இன்னொருவர் 30 என்றார். விடை சுமார் 61! முதலாமவன் பிரேக் பிடிக்க ஆரம்பித்த வேகத்தில் இவன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறான். எங்கள் பன்னிரண்டு பேரிலும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மத்தியானத்துக்குள் இருபது தடவைக்கு மேல் நிறுத்தியிருப்பேன். கடைசித் தடவை நான் நின்ற இடத்துக்கும் முதல் தடவை நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு லாரி நிறுத்தலாம். வண்டியை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிமெண்டுத் தளத்தில் பொள்ளாச்சி ரோடு தெரிந்தது. பால் வண்டி தெரிந்தது. இடைவெளி இருந்திருக்கிறது. எங்கள் பழைய வண்டியில் ஏபிஎஸ் இல்லை, இரண்டும் டிரம் பிரேக்தான், இருந்தாலும் முன் பிரேக்கைப் பிழிந்திருந்தால் அது நின்றிருக்கும், இல்லாவிட்டாலும் இடிக்கும் வேகமாவது பாதியாகக் குறைந்திருக்கும். மணல் எல்லாம் ஒன்றுமில்லை. என் கால்தான்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து "என்ன தம்பி, காரமா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

மாலையில் வளைவுகள். வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்றார்கள். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் சைக்கிளிலேயே நாம் தெரியாமல் செய்வது அதைத்தான். விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், சைக்கிள் கடை வைத்திருந்தவர், இதை அன்றே கவனித்துச் சொல்லியிருக்கிறார். அடுத்தது பார்வை. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். குழியைப் பார்த்துக்கொண்டே போனால் குழியில்தான் இறங்குவோம். ரோட்டில் ஒரே ஒரு கல் கிடந்தாலும் அதன் மேலேயே ஏற்றுகிறோமே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

மண்டை கனத்து வீடு வந்து சேர்ந்தேன். அன்றிரவே அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிலாக வேறு ஒன்று செய்தேன். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சிக்கு விளம்பரம் ஆகிவிடும்.

மூன்று வாரம் கழித்து நண்பர்களோடு வால்பாறை. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நான்தான் சர்டிபிகேட் வாங்கியவன் ஆயிற்றே! பத்தாவது வளைவுக்குள் மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். கைப்பிடியைத் தள்ளினேன், சாய்த்தேன், பார்வையை வளைவின் முடிவுக்கு அனுப்பினேன். எல்லாம் சொல்லிக் கொடுத்தபடி. ஒரு வளைவில் முடிவு தெரியவில்லை, பாறை மறைத்திருந்தது. தெரியாத முடிவை நானே மனசில் வரைந்துகொண்டு சாய்த்தேன். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பஸ், முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு, அது எடுக்க வேண்டிய விதத்தில், இறங்கி வந்தது.

வண்டியை நிமிர்த்தி, முன் பிரேக்கைப் பிழிந்து நின்றேன். கைப்பிடிக்கும் பஸ் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண். கண்டக்டர் என் பரம்பரையையே விசாரித்தார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, மேலிருந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கண்டக்டர் வசவு எவ்வளவோ தேவலை. பயிற்சி என்னைக் காப்பாற்றியது என்று நண்பன் சொன்னான். பயிற்சி இல்லாவிட்டால் அந்த வேகத்தில் அங்கே வந்திருப்பேனா என்பது என் கேள்வி.

மாமாவிடம் சொன்னபோது திட்டவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "சாய்க்கச் சொல்லிக் குடுத்தாங்களே, எங்க சாய்க்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். சொன்னார்கள், மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறந்துவிட்டேன், ஏனென்றால் அதில் வண்டி ஓட்டவில்லை, உட்கார்ந்து கேட்டோம்.

அப்புறம்தான் லைப்ரரியிலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி இல்லாதவர்கள், தானாகவோ சொந்தக்காரர், நண்பர் சொல்லியோ கற்றவர்கள். ஆபத்தைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மிதித்து வழுக்கியவர்களும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காதவர்களும் ஏராளம் என்று படித்தபோது, நம்ம ஊர்க் கதையை யார் அங்கே போய்ச் சொன்னது என்று தோன்றியது.

ஆனால் 92 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். விபத்தில் சிக்காதவர்களிலும் பயிற்சி இல்லாதவர்கள்தானே அதிகம் இருந்திருப்பார்கள்? பயிற்சி உண்மையிலேயே விபத்தைக் குறைக்கிறதா என்று, உலகில் அதுவரை வந்திருந்த 23 ஆய்வுகளைக் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2010-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வுகளின் தரம் போதவில்லை என்பதுதான் முடிவு. நார்வேயிலோ இன்னும் வேடிக்கை. வழுக்கும் ரோட்டில் கார் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். இளைஞர்களிடம் விபத்து குறையவில்லை, கூடியது. வழுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தைரியம்தான். அந்த இளைஞனை எனக்கு நன்றாகத் தெரியும், வால்பாறை ரோட்டில் பார்த்திருக்கிறேன்.

எனவே 'அட்வான்ஸ்டு' என்று போர்டு போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. பந்தயத் தடத்தில் வளைவு வளைவாகச் சொல்லிக் கொடுப்பது ஒரு வகை. அமெரிக்காவில் கீத் கோட் 1980-இல் தொடங்கிய பள்ளி அந்த வகை, நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கும் வந்து நடத்தியிருக்கிறார்கள். அது அருமையான கலை. ஆனால் தடத்தில் எதிரே பஸ் வராது, மாடு படுத்திருக்காது, ராங் சைடில் பால்கேன் வராது. இன்னொரு வகை இங்கிலாந்துப் போலீஸ்காரர்களிடமிருந்து வந்தது. அங்கே 1956-இலிருந்து பொதுமக்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் சாய்ப்பதில் ஆரம்பிப்பதில்லை. முதலில் ரோட்டைப் படி, பிறகு ரோட்டில் உன் இடத்தைப் பிடி, பிறகு வேகம், பிறகு கியர், கடைசியில்தான் ஆக்சிலரேட்டர். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி: காலியாகத் தெரிகிற தூரத்துக்குள், உன் பக்கத்திலேயே நிற்க முடிகிற வேகத்தில் போ. பாறை மறைத்தால் தெரிகிற தூரம் பத்து மீட்டர், அப்படியானால் பத்து மீட்டரில் நிற்கிற வேகம். என் 7,500-இல் அதற்கென்று தனியாகப் பிரித்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வராது. ஆனால் மற்ற ஆறாயிரத்தைந்நூறைவிட அதுதான் பெறும்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போது இப்படித்தான் சொல்கிறேன். காசு இருந்தால் போ, ஆனால் சேரும் முன்பு பிரேக்குக்கு எவ்வளவு நேரம், ரோட்டைப் பார்க்கச் சொல்லித்தர எவ்வளவு நேரம், சாய்க்க எவ்வளவு நேரம் என்று கேள். சாய்ப்பதே பாதி நாள் என்றால் அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட்டாக இரண்டு வாங்கு, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. டயர் மொட்டையாகியிருந்தால் முதலில் அதை மாற்று. காசே இல்லையா? ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் மைதானம் ஒன்று, சாக்பீஸ் ஒன்று போதும். 2019-க்குப் பிறகு விற்ற சின்ன வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். 125 சி.சி.க்கு மேல் ஏபிஎஸ் இருக்கும். நம் ஸ்டாண்டில் நிற்பவற்றில் பாதி அதற்கு முந்தியவை, அவற்றுக்கு நம் விரல்தான் ஏபிஎஸ். 2022-இல் மட்டும் நம் நாட்டில் ரோட்டில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 75,000 பேர் இரண்டு சக்கர வண்டியில் வந்தவர்கள். அதில் எத்தனை பேர் நன்றாக எட்டு போட்டவர்களோ!

பால் வண்டிக்காரர் இண்டிகேட்டர் போடாதது தப்பு இல்லையா என்று கேட்பீர்கள். தப்புதான். அதைத் திருத்த என்னிடம் லீவர் இல்லை.

அப்பாவிடம் சொன்னது பொங்கலுக்கு. மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு மணல் இல்லைங்கப்பா. நான்தான் பிரேக்கைத் தப்பாப் பிடிச்சேன்" என்றேன். அவர் சீவுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "அது எனக்கு அன்னைக்கே தெரியும். வண்டி விழுந்த எடத்தைப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். பத்தடிக்கு டயர் கோடு கருப்பா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தங்கச்சி இப்போது டிகிரி இரண்டாம் வருடம். எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறாள். ஞாயிறு காலையில் பஞ்சாயத்து ஸ்கூல் மைதானத்தில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டு கடைசியில்தான். முதலில் நேராக வந்து, சாக்பீஸ் கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். இடது கையால் கிளட்ச் பிடிக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். குளிர்காலத்தில் வலிக்கும் என்று அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

போன வாரம் முப்பதில் வந்து இரண்டாவது கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றாள். முன் பிரேக்தான், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இங்க மணல் நெறைய இருக்குது அண்ணா" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று சரியாகத் தெரியவில்லை. நான் விளக்குமாறு எடுத்து வந்து தளத்தைக் கூட்டினேன். அவள் கிக்கரை உதைத்து மறுபடி மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனாள், நாற்பதில் வர.